முதுகுக்குப் பின்னால் ஒரு கை

அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போனால் இரண்டில் ஒன்று நடக்கப்போகிறது என்று அர்த்தம். ஒன்று, கரண்ட் ஓடுகிற ஆம்ப்ளிஃபயருக்குள் கை விடப்போகிறார். இல்லையென்றால் எதிரில் நிற்கிறவனை அறையப்போகிறார். இரண்டுக்குமே அவருக்கு வலது கை மட்டும் போதும்.

முதலாவதற்காவது ஒரு காரணம் உண்டு. பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரிக் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயருக்குள் நானூறு வோல்ட் நிற்கும். ஒரு கை பட்டால் பெரும்பாலும் உதறிவிட்டுத் தப்பித்துவிடலாம். இரண்டு கையும் பட்டால் ஒரு கை வழியாக ஏறி, நெஞ்சுக்குள் புகுந்து, மறு கை வழியாக இறங்கும். அதனால் ஒரு கையை உள்ளே விடும்போது மறு கையைப் பின்னால் கட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் பழக்கம். அவர் முப்பது வருஷமாக அப்படிச் செய்து அது உடம்பில் ஊறிவிட்டது. யாரையாவது அடிக்கக் கை ஓங்கும்போதுகூட இடது கை தானாகப் பின்னால் போய்விடும். தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் இரண்டடி நகர்ந்துகொள்வார்கள். தெரியாதவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், மரவள்ளிக் காட்டை ஒட்டி அவர் வீடு. போர்டு எதுவும் கிடையாது. ஆனால் சேலத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் கார்கள் வந்து நிற்கும். டாக்டர்களும் வக்கீல்களும் ஆறு மாதம் காத்திருந்து, திட்டும் வாங்கிக்கொண்டு, அவர் செய்துகொடுக்கும் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு போவார்கள். ஊரில் அவரை வால்வுக்காரர் என்பார்கள். மருந்துக்கு ஒருவர்கூட அவரை நல்ல மனிதர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவன். எனக்கும் சங்கீதத்துக்கும் தூரம். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக்கு மருந்து வசூலுக்குப் போயிருந்தபோது, அவர் ஹாலில் நான்கு வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. நாதஸ்வர இசைத்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் வாசிப்பு நின்றது. அடுத்த சுரம் தொடங்குவதற்கு முன்னால் வாசிக்கிறவர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், அவ்வளவு கிட்டத்தில். வந்த வேலையை மறந்துவிட்டேன். அந்த மூச்சு என் வீட்டில் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்த அத்தனை அசிங்கத்துக்கும் அந்த ஆசைதான் காரணம். பழியைத் தூக்கி வேறு யார்மேலும் போட எனக்கு வழியில்லை.

முதல் நாள் போனபோது அவர் என்னை நிற்க வைத்தே கேட்டார்.

“இன்னா வோணும்?”

“வூட்டுக்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயருங்க. எது நல்லாருக்கும்னு நீங்கதான் சொல்லணும்.”

“ஹாலு எத்தினி அடி?”

“பதினாறுக்குப் பன்னெண்டுங்க.”

“ஸ்பீக்கர் பாக்ஸு இன்னா வச்சிருக்க?”

சொன்னேன். முகத்தைச் சுளித்தார். “அது ஜாஸ்தி தீனி கேக்கும். ஜோடி வால்வு போட்டா நாப்பது வாட்டு வரும், அத்த அசைக்கலாம். ஒத்த வால்வு போட்டா எட்டு வாட்டுதான். ஆனா அதுலதான் எல்லாம் இருக்குது. ஒத்த வால்வு வோணும்னா பாக்ஸ மாத்து.”

“எட்டு வாட்டு போதுமாங்க?”

“போதுமான்னு கேக்கறவனுக்கு நானூறு வாட்டும் பத்தாது. சத்தம் வோணுமா, பாட்டு வோணுமா? அத்த முடிவு பண்ணிக்கினு வா.”

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. உள்ளே ஏதோ ஒரு தட்டு ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இடது கை பின்னால் போனது. நான் அடி என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் சட்டைப்பையிலிருந்து கைபேசியை உருவி எதிர்ச்சுவரில் அடித்தார். நான் பொறுக்கிக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று நினைத்தாலும் அந்த நன்றிதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பத் திரும்பப் போனேன். அடி விழாத தூரத்தில் நிற்கக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் ஆம்ப்ளிஃபயரின் அடித்தகட்டைக் கழற்றி, மின்சாரத்தை அணைத்து, திருப்புளியின் முனையை உள்ளே இரண்டு இடத்தில் சேர்த்து வைத்தார். வெடி வெடித்த மாதிரி சத்தம். நீலமாக ஒரு பொறி. திருப்புளியின் முனை கருகிப்போனது.

“பாத்தியா? சுவிட்ச அணைச்சா செத்துப்போச்சுன்னு நெனைக்காத. கரண்டு கண்டன்சர்ல அப்படியே நிக்கும். அணைச்சப்பறமே இப்படின்னா, ஓடிக்கினு இருக்கும்போது இன்னா பண்ணும் யோசி.” சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த மாதிரி நேரங்களில் மட்டும்தான்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த அம்மா கல்வராயன் மலைக்காரர், கரியாலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். வால்வு ஆம்ப்ளிஃபயரில் வால்வை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கி மாட்டலாம். அதன் உயிர் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. முடி மாதிரிக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று, அடுக்கடுக்காக, நடுநடுவே காகிதம் வைத்துச் சுற்ற வேண்டும். அதைச் சுற்றியது அந்த அம்மா. கைப்பிடி போட்ட ஒரு சின்ன இயந்திரம், சுவரைப் பார்த்து உட்காருகிற மாதிரி, மின்சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் சுற்றுகளை எண்ணிக் காட்டும் கருவி ஒன்று முன்பு இருந்ததாம். ஒருநாள் அது பதினைந்து சுற்றுத் தவறாகக் காட்டியது என்று அவர் சுத்தியலால் அடித்துப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த அம்மா வாயால் எண்ணினார். உதடு மட்டும் அசையும். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் அத்தனையையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். முதுகில் ஒன்றும் விழும். அதனால் வீட்டில் என்ன நடந்தாலும், யார் வந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், அந்த அம்மா எண்ணுவதை நிறுத்தமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அம்மா எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர்தான் டீ போடுவார். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் நடந்துபோய், டம்ளரை அந்த அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அதே மாதிரித் திரும்பி வருவார். ஊரையே அடிக்கிற மனிதர் அப்படி நடந்துபோவதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அன்பு இல்லாதவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபமாகிவிடும். ஆனால் அது பொய்.

ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்ததும் இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் ஒரு மர நாற்காலி போட்டு அந்த அம்மாவை உட்கார வைப்பார். “சொல்லு,” என்பார். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “வலது பக்கம் அடித்தொண்ட கொஞ்சம் கனமா இருக்குதுங்க,” என்பார். இவர் திறந்து பார்ப்பார். எங்கேயோ ஒரு சின்னக் குறை இருக்கும். “மீட்டரு பொய் சொல்லும், மருந்துக்கட. இவ காது சொல்லாது. ஊர்ல எவன் காதையும் நான் நம்ப மாட்டேன், இவளத் தவிர,” என்பார். அவர் வாயிலிருந்து இன்னொரு உயிரைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை அது.

அந்தக் காதைத்தான் அடித்தார்.

அந்த அம்மாவின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. மலைக்குப் போக வேண்டும். என்னிடம் கார் இருந்தது, எனக்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டியிருந்தது. “நான் இட்டுகினு போறங்க,” என்று நானே சொன்னேன். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறுகிற வரைக்கும் அவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

அங்கே போய்ப் பார்த்தால் ஒரு லோடு வண்டி நிறைய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, பாட்டு போட்டிருந்தார்கள். தரை அதிர்ந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை ஊசி பக்கத்தில் வருவதற்கு முன்பே வீறிட்டு அழுதது. சத்தத்துக்குத்தான் அழுதது. பந்தலில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இவருக்கு மட்டும் உறைத்தது. அதையும் சொல்ல வேண்டும்.

செட்டு போட வந்தவனிடம் போய், “சத்தத்தக் கொறைடா, கொயந்த அழுவுது,” என்றார். அவன் முப்பது வயது ஆள், வாட்டசாட்டமாக இருந்தான். “விசேச வூட்ல வந்து கம்மி பண்ணச் சொல்றியே, நீ இன்னா பெரிய இவனா?” என்று கேட்டுவிட்டுச் சத்தத்தை இன்னும் ஏற்றினான்.

இடது கை பின்னால் போனதை நான் பார்த்தேன். அவனை நகரச் சொல்லியிருக்கலாம். முதல் அறையில் அவன் உட்கார்ந்துவிட்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மைக் மாட்டும் இரும்புக் கம்பத்தைப் பிடுங்கி அவன் தோளில் போட்டார். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது, அந்தப் பாட்டுக்கு நடுவிலும். மறுபடி ஓங்கினார். பெட்டியில் ஒன்றும் அவன்மேல் ஒன்றுமாகப் போட்டுக்கொண்டே இருந்தார். அவன் வாயில் ரத்தம் வந்தது. ஆட்கள் சுற்றி நின்றார்களே தவிர யாரும் கிட்டே போகவில்லை. அந்த அம்மாதான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“செத்துடுவாங்க! வுட்டுடுங்க!”

திரும்பினார். கம்பத்தைக் கீழே போட்டார். இடது கை பின்னால் போனது. வலது கை அந்த அம்மாவின் இடது காதில் இறங்கியது. விரித்த உள்ளங்கை, முழு பலத்தோடு. அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வடிந்தது. அதே நேரத்தில் பந்தலுக்குள் குழந்தைக்குக் காது குத்திவிட்டார்கள்.

நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூன்று பேரும் என் காரில் ஏறி மலை இறங்கத் தொடங்கினோம். பின்சீட்டில் அந்த அம்மா கைக்குட்டையைக் காதில் அழுத்தியபடி சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கொண்டைஊசி வளைவில் இவர் என்னைக் கேட்டார்.

“ஒத்த வால்வா, ஜோடி வால்வா, முடிவு பண்ணிட்டியா?”

“ஒத்த வால்வுங்க,” என்றேன். “பாக்ஸ மாத்திக்கிறேன்.”

“நல்ல முடிவு,” என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வண்டியை நிறுத்தி அந்த ஆளை இறக்கிவிட்டிருக்க வேண்டும். நான் எட்டு வாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே மலை இறங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கறையானுக்குப் பொடி வாங்க என் கடைக்கு வந்தார். தெருவைப் பார்த்து நின்றிருந்தார். நான் இடது பக்கத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும்தான் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

“அந்தக் காது சுத்தமா போச்சுங்களா?” என்றேன்.

“இந்தக் காது நல்லா கேக்குதுங்கண்ணா,” என்று வலது காதைத் தொட்டார். “முன்ன விடவும் நல்லாவே கேக்குது. அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காது போச்சுன்னு தெரிஞ்சா அப்பறம் நான் அவருக்கு எதுக்கு? உயிரோட வுடமாட்டாரு.”

“சொல்லமாட்டேம்மா,” என்றேன். சத்தியமே செய்தேன்.

என் ஆம்ப்ளிஃபயர் தயாரானது. அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். “சொல்லு.”

“எடது பக்கம் கம்மியா இருக்குதுங்க.”

வேறு என்ன சொல்ல முடியும்? இடது ஸ்பீக்கரின் பக்கம்தான் அந்த அம்மாவுக்குக் காதே இல்லையே. எல்லாம் வலது பக்கமாகவே கேட்டிருக்கும். இத்தனை வருஷமும் கேட்டதைக் கேட்டபடி சொல்லியே பழகியவர், அன்றும் அப்படியே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை.

அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மீட்டரைத் தூக்கி எறிந்தார். இடது டிரான்ஸ்ஃபார்மரை அறுத்து எடுத்துவிட்டு வேறு சுற்றச் சொன்னார். மாட்டினார். “எடது கம்மிங்க.” வால்வை மாற்றினார். கண்டன்சரை மாற்றினார். மறுபடி டிரான்ஸ்ஃபார்மர். நல்ல பொருளைக் கெட்டது என்று நம்பி நாலு மாதம் பிரித்துப் பிரித்துப் போட்டார். சோறு இறங்கவில்லை. தூக்கம் போனது. வந்த டாக்டர் ஒருவரைச் செருப்பால் அடித்துத் துரத்தினார். அந்த நாலு மாதத்தில் ஒருமுறைகூட அந்த அம்மாவின் காதைச் சந்தேகப்படவில்லை. நான் பார்த்த நம்பிக்கைகளிலேயே பெரியது அதுதான், அதைப் போல மடத்தனமானதும் இல்லை.

நான் வாரம் தவறாமல் போய் நின்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த மூச்சு நாலு அடி தூரத்தில் இருந்தது, கைக்கு வரவில்லை.

கடைசி நாள் காலை பத்து மணி இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் அடித்தகட்டைக் கழற்றி, அதை மேசைமேல் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே எல்லாம் தெரிகிற மாதிரி ஓடவிட்டிருந்தார். நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா நாற்காலியில் இருந்தார்.

“எடது கம்மிங்க.”

அவர் ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிப் போட்டார். இடது பக்கம் போனது வலதுக்கு, வலது பக்கம் போனது இடதுக்கு. ஆம்ப்ளிஃபயரில் குறை இருந்தால் குறையும் பக்கம் மாற வேண்டும்.

“இப்ப?”

“எடதுதாங்க கம்மி.”

பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினார். வியர்த்து ஊற்றியது. “இப்ப?”

அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். “எடதுதாங்க,” என்றார்.

“எந்திரி. போய்க் கம்பியச் சுத்து.” அந்த அம்மா எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினார். அவர் என் பக்கம் திரும்பினார். “மருந்துக்கட, நீ ஒக்காரு. கேட்டுச் சொல்லு.”

உட்கார்ந்தேன். வாசிப்பு நின்றது. மூச்சு வந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், என் முகத்துக்கு எதிரில் ஒருவர் மூச்சு இழுத்தார். எனக்குப் புல்லரித்தது. இடது கம்மி என்று சொல்லியிருந்தால் போதும். அந்த அம்மா இன்னும் கொஞ்ச நாள் தப்பித்திருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

“ரெண்டு பக்கமும் சமமாத்தாங்க இருக்குது. குடுத்துடுங்க, நான் எடுத்துக்கினு போறேன்.”

அவர் முகம் வெளுத்தது. மெல்ல அந்த அம்மாவின் முதுகைப் பார்த்தார். அந்த இடது காதைப் பார்த்தார். கணக்குப் போடுவது தெரிந்தது. மலை, பந்தல், அறை எல்லாம் அவர் கண்ணில் வந்துபோயிருக்க வேண்டும். அழுவார் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“நாலு மாசமா என்ன ஏமாத்திக்கினு இருந்தியா? செவுட்ட வச்சிக்கினாடி நான் இத்தினி நாளா சரி பாத்தேன்?”

அந்த அம்மா திரும்பவில்லை. சுழற்றுவதையும் நிறுத்தவில்லை. “நீ அடிச்சதுதான்,” என்றார். அதுவரை அந்த அம்மா அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் கத்தினார். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். அந்த அம்மாவின் தலையில் போடுவதற்கு மேசைமேல் இருந்ததைத் தூக்கினார். மேசைமேல் இருந்தது ஓடிக்கொண்டிருந்த என் ஆம்ப்ளிஃபயர். பதினெட்டு கிலோ. ஒரு கையால் தூக்க முடியாது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போகவில்லை.

வலது கை ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பைப் பிடித்தது. இடது கை விரல்கள் திறந்திருந்த அடிப்பக்கத்துக்குள் போயின. நாதஸ்வரம் அறுந்து, ஸ்பீக்கரில் ஒரு பெரிய உறுமல் வந்தது. அவர் தூக்கிய நிலையிலேயே விறைத்து நின்றார். தாடை இறுகியது. பல் நெரியும் சத்தம் கேட்டது. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருகும் வாடை வந்தது. சுவிட்ச் அந்த அம்மாவின் கைக்கு இரண்டடியில் இருந்தது.

“ஆஃப் பண்ணுங்கம்மா!” என்று கத்தினேன். கைப்பிடி ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசைவது பின்னாலிருந்து தாடையில் தெரிந்தது. மறுபடியும் மறுபடியும் கத்தினேன். பிறகு ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினேன். அவர் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்து மேசைமேல் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தார். ஒரு வால்வு உடைந்தது. அந்த அம்மா அப்போதுதான் கைப்பிடியை நிறுத்தினார். பென்சிலை எடுத்து, எத்தனை சுற்று என்பதைக் காகிதத்தில் குறித்துவிட்டு, திரும்பிப் பார்த்தார்.

சாவை விசாரிக்க எஸ்.ஐ. வந்து கேட்டபோது அந்த அம்மா, “எண்ணிக்கினு இருந்தேங்க,” என்று மட்டும் சொன்னார். நான் மீதியைச் சொன்னேன். “அவங்களுக்கு எடது காது கேக்காது சார். நான் எடது பக்கத்துலேர்ந்து கத்துனேன். மூணு தடவ கத்திட்டு ஓடிப்போய் அணைச்சேன்.” அந்த அம்மா அவருக்குத் தெரியாமல் போய்க் காட்டியிருந்த அரசு மருத்துவமனைச் சீட்டில் இடது காதுச் சவ்வு கிழிந்ததும் இருந்தது. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். வலது காதைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்காக அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன், அந்த அம்மாவுக்காக ஒருமுறை மூடிக்கொண்டதில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆம்ப்ளிஃபயர் தயார், வந்து எடுத்துக்கொள்ளலாம். போனேன். அதே ஹால். அதே நாற்காலி. அந்த அம்மா உள்ளே ஏதோ கடைசியாக முடுக்கிக்கொண்டிருந்தார். வலது கை உள்ளே இருந்தது, இடது கை முதுகுக்குப் பின்னால். நான் என்னை அறியாமல் இரண்டடி நகர்ந்தேன்.

“ஒக்காருங்கண்ணா. கேட்டுப் பாருங்க.”

உட்கார்ந்தேன். நாதஸ்வரம் வந்தது. நின்றது. மூச்சு வந்தது. நான் எதற்காக இத்தனையும் செய்தேனோ அது வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே, மனதிலிருப்பதைக் கொட்டி நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணமும் வந்தது. என் புத்தி அப்படி.

“அன்னிக்கி நான் எவ்ளோ கத்துனேன் தெரியுமாம்மா? மூணு தடவ கத்துனேன். உங்களுக்குக் கேக்கல. இல்லன்னா காப்பாத்தியிருக்கலாம்.”

அந்த அம்மா இடது கையை முன்னால் கொண்டுவந்து புடவையில் துடைத்துக்கொண்டார்.

“நாலு தடவ கத்துனீங்க,” என்றார். “நாலாவதுக்கு அப்பறம்தான் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுது.”